டீக்கடையில் பத்துப் புத்தகம்!

சென்ற மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு டீக்கடைக்குப் போனேன்.

டீக்கடை என்று சொன்னால் அதன் முதலாளி கோபித்துக்கொள்வார். அதை "இலக்கியத் தேநீரகம்" என்கிறார்கள். பெரிய நகரங்களில் இப்போது இப்படிப்பட்ட கடைகள் வந்திருக்கின்றன. எந்த ஊர், எந்தக் கடை என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு கடையைக் குறை கூறுவது என் நோக்கம் அல்ல.

அம்மாவுக்கு வயது 78. கையைப் பிடித்து மெல்ல அழைத்துப் போனேன்.

கண்ணாடிக் கதவு. உள்ளே குளுகுளு என்று காற்று. சுவரில் பாரதியார் படம். மேசை மேல் மைக்கூடும் கட்டைப் பேனாவும். பலகாரப் பட்டியலைக்கூட ஒரு புத்தகம்போலத் தைத்து வைத்திருந்தார்கள். டீக்கு ஒரு நாவலின் பெயர். பிஸ்கோத்துக்கு ஒரு கவிதையின் பெயர்.

ஒரு டீ 180 ரூபாய்!

சுவர் முழுவதும் அலமாரி. அலமாரி முழுவதும் புத்தகம். அம்மா ஆசையோடு எழுந்து போனார். அலமாரிக் கண்ணாடிக்குப் பூட்டுப் போட்டிருந்தது.

"தம்பி, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் எடுத்துத் தர்றியாப்பா?" என்று பரிமாறும் பையனிடம் கேட்டார்.

"அது பார்க்கிறதுக்கு வெச்சது, பாட்டி" என்றான் பையன்.

பையன் மேல் தப்பு இல்லை. அவனுக்குச் சொல்லி வைத்ததை அவன் சொன்னான்.

"இன்னிக்குப் பேப்பராவது இருக்கா?" என்று கேட்டார் அம்மா. பேப்பரும் இல்லை.

டீ நன்றாகவே இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலியும் நன்றாக இருந்தது. வயதான ஒரு பெண், யாரும் முறைத்துப் பார்க்காமல், ஒரு மணி நேரம் நிம்மதியாக உட்கார முடிந்தது. இந்த நன்மையை நான் மறக்கவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வெளியே வந்ததும் அம்மா சொன்னார்:

"இதைவிட உங்க அப்பா படிச்ச கடை நல்ல கடை."

அந்தச் சொல்தான் என்னை இதை எழுத வைத்தது.

அப்பா படித்த கடை

திருச்சி மன்னார்புரம் எல்லோருக்கும் தெரிந்த இடம். மதுரைக்குப் போகும் சாலை. ரெயில் ஜங்ஷன் பக்கம். மத்திய பஸ் நிலையமும் தூரம் இல்லை. இப்போது அங்கே மேம்பாலம் இருக்கிறது. அப்போது மேம்பாலம் இல்லை. கூரை போட்ட ஒரு டீக்கடை இருந்தது.

1961-ம் ஆண்டு என் அப்பா பொன்மலை ரெயில்வே ஒர்க்ஷாப்பில் கலாசி வேலையில் சேர்ந்தார். மன்னார்புரத்தில் சின்ன வீடு. தினமும் சைக்கிளில் வேலைக்குப் போவார். போகும்போது ஒரு டீ. வரும்போது ஒரு டீ.

அப்பா இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். அ, ஆ தெரியும். வாசிக்க வராது. அதில் ஆச்சரியம் இல்லை. 1961-ம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் நூற்றுக்கு 28 பேருக்குத்தான் எழுத்தறிவு இருந்தது.

கடையில் ஒரு செய்தித்தாள் வாங்குவார்கள். காலை 6 மணிக்கு அது நாலு துண்டாகப் பிரிந்துவிடும். நாலு தாள், நாலு கை. நடுப்பக்கம் ஒருவரிடம். சினிமாப் பக்கம் ஒருவரிடம். முதல் பக்கம் மட்டும் எப்போதும் ஒரு தையற்காரரிடம் இருக்கும். அவர் சத்தம் போட்டுப் படிப்பார். மற்றவர்கள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்கள்.

அப்பா முதலில் காதால் செய்தியைக் கேட்பார். தையற்காரர் தாளைக் கீழே வைத்ததும் அதை எடுத்துப் பார்ப்பார். தலைப்பு பெரிய எழுத்தில் இருக்கும். என்ன செய்தி என்று ஏற்கெனவே தெரியும். ஆகவே, "இந்த எழுத்து இதுவாகத்தான் இருக்க வேண்டும்" என்று கண்டுபிடிப்பார். இப்படியே தலைப்பு படிக்க வந்தது. பிறகு சின்ன எழுத்தும் வந்தது.

சிலேட்டு இல்லை. வாத்தியார் இல்லை. சம்பளமும் இல்லை.

1964 மே 28-ந்தேதி காலை. முந்திய நாள் நேரு இறந்துவிட்டார். கடையில் ஒரே கூட்டம். தையற்காரர் காய்ச்சலில் படுத்திருந்தார். "யாராவது படிங்கப்பா!" என்றார்கள். யாரும் முன்வரவில்லை. அப்பா தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டி, நிறுத்தி நிறுத்தி, முதல் பக்கம் முழுவதையும் படித்து முடித்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

டீ மாஸ்டர் அன்று அப்பாவிடம் காசு வாங்கவில்லை.

இந்தக் கதையை அப்பா கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். ஒர்க்ஷாப்பில் அவருக்குப் பதவி உயர்வு வந்தது உண்டு. அதை ஒரு தடவைகூட இவ்வளவு பெருமையாகச் சொன்னதில்லை.

வடை மடித்த தாள்

இனி அம்மா கதை.

அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அப்பாவைவிட நன்றாகப் படிப்பார். 1966-ல் கல்யாணம் ஆகி மன்னார்புரம் வந்தார். அந்த டீக்கடை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால், அம்மா அந்தக் கடையில் ஒரு நாள்கூட உட்கார்ந்தது இல்லை!

பெண்பிள்ளை டீக்கடையில் உட்காருவதா? ஊர் என்ன சொல்லும்? அவ்வளவுதான்.

அப்பா சாயங்காலம் வடை வாங்கி வருவார். பழைய செய்தித்தாளில் மடித்துத் தருவார்கள். வடையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, அம்மா அந்தத் தாளை நீவி விரித்துப் படிப்பார். எண்ணெய் பட்ட இடத்தில் எழுத்து மங்கி இருக்கும். தொடர்கதையில் நடுப்பகுதி மட்டும் வரும். முதலும் இருக்காது, முடிவும் இருக்காது.

"அந்தப் பொண்ணு கடைசியில என்ன ஆனாளாம்? கேட்டுக்கிட்டு வாங்க" என்பார் அம்மா.

மறுநாள் அப்பா தையற்காரரிடம் கேட்டு வந்து சொல்வார்.

ஒரே கடை. அது அப்பாவுக்கு முழுத் தாள் கொடுத்தது. அம்மாவுக்கு எண்ணெய்த் தாள்தான் கிடைத்தது.

(இங்கே ஒரு வார்த்தை. செய்தித்தாளில் பலகாரம் மடிப்பது உடம்புக்குக் கெடுதல். அச்சு மை உணவில் ஒட்டும். அப்படி மடிக்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் எச்சரித்தது. தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.)

அம்மாவுக்கு மட்டுமா பெஞ்சு இல்லை? எத்தனையோ ஊர்களில், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு டீக்கடையில் தனிக் கிளாஸ் வைத்தார்கள். தாங்களே கழுவி வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. தரையில் குந்தி இருந்து குடிக்க வேண்டும். 1955-ல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் இதைக் குற்றம் என்று சொன்னது. அதற்குப் பிறகும் வெகுகாலம் இந்த அநியாயம் நடந்தது. பெஞ்சில் இடம் இல்லாதவருக்குச் செய்தித்தாளும் இல்லை. அந்தக் கணக்கையும் நாம் மறக்கக் கூடாது.

ராஜாவுக்கு வந்த பயம்

பானம் விற்கும் கடைக்கும் படிப்புக்கும் உள்ள உறவு, நம் ஊரில் மட்டும் வந்தது அல்ல.

லண்டன் நகரில் முதல் காப்பிக் கடை 1652-ல் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தெருவுக்குத் தெரு கடை வந்துவிட்டது. ஒரு பென்னி கொடுத்தால் உள்ளே போகலாம். காப்பி குடிக்கலாம். செய்தித்தாள் படிக்கலாம். பெரிய மனிதர்கள் பேசுவதைக் கேட்கலாம். ஆகவே மக்கள் அந்தக் கடைகளுக்குப் "பென்னிப் பல்கலைக்கழகம்" என்று பெயர் வைத்தார்கள்!

ராஜா இரண்டாம் சார்லஸுக்குப் பயம் வந்துவிட்டது. "காப்பிக் கடையில் உட்கார்ந்து நம்மைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்று நினைத்தார். 1675 டிசம்பர் கடைசியில் ஒரு உத்தரவு போட்டார். ஜனவரி 10-ந்தேதி முதல் எல்லாக் காப்பிக் கடைகளையும் மூட வேண்டும் என்று அதில் கண்டிருந்தது.

ஊரே கொதித்தது. அந்தத் தேதி வருவதற்கு முன்பே ராஜா உத்தரவைத் திரும்பப் பெற்றார்.

ஆனால், அங்கேயும் ஒரு குறை. அந்தக் கடைகளில் ஆண்கள்தான் கூடினார்கள். பெண்கள் வாடிக்கையாகப் போவது இல்லை. 1674-ல், "காப்பி வேண்டாம்" என்று பெண்கள் விண்ணப்பம் செய்வதுபோல ஒரு சிறு புத்தகமே அச்சாகி வந்தது.

பெண்களுக்கு எப்போது இடம் கிடைத்தது? 1864-ல் லண்டனில் ஒரு ரொட்டிக் கம்பெனி டீக்கடை திறந்தது. அப்படிப்பட்ட கடைகள் பல வந்தன. நல்ல வீட்டுப் பெண் தனியாகப் போய் உட்கார்ந்து டீ குடிக்கலாம் என்ற பழக்கம் வந்தது. பிறகு ஓட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள், டீக்கடைகளில்தான் கூடிப் பேசினார்கள்!

உட்கார ஓர் இடம் கிடைத்தது. பேச்சு வந்தது. உரிமையும் வந்தது.

இன்னொரு தேசத்தைப் பாருங்கள். கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகள் உண்டு. அங்கே 1865 முதல் ஒரு வழக்கம் வந்தது. தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டு இருப்பார்கள். மேடையில் ஒருவர் உட்கார்ந்து செய்தித்தாளும் நாவலும் சத்தமாகப் படிப்பார். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுப்பது அல்ல. தொழிலாளர்கள் தங்கள் கூலியில் இருந்து கொடுப்பார்கள். ஒரு பிரெஞ்சு நாவல் அவர்களுக்கு ரொம்பவும் பிடித்துவிட்டது. அதன் பெயரையே ஒரு சுருட்டுக்கு வைத்தார்கள். "மாண்டிகிறிஸ்டோ" என்ற அந்தச் சுருட்டு இன்றும் பிரபலம்.

நம் தையற்காரருக்கு யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. ஆனால், அவர் செய்ததும் அதே வேலைதான்.

காட்டுக்குள் ஒரு கடை

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம்.

நம் பக்கத்து மாநிலமான கேரளத்தில் இடுக்கி மாவட்டம் இருக்கிறது. மூணாறுக்கு அப்பால், அடர்ந்த காட்டுக்குள் இடமலைக்குடி என்ற பகுதி. முதுவர் என்ற மலைவாழ் மக்கள் அங்கே இருக்கிறார்கள். யானை நடமாடும் காடு.

அங்கே மண்சுவர் வைத்த ஒரு டீக்கடை. நடத்தியவர் சின்னத்தம்பி என்ற பெரியவர். டீ விற்ற அதே கடையில் அவர் ஒரு நூலகமும் வைத்தார்! முரளீதரன் என்ற ஆசிரியர் அதற்குத் துணை நின்றார். பத்திரிகையாளர் பி. சாய்நாத், காட்டு வழியே நடந்து அங்கே போய்ப் பார்த்து, 2014-ல் அதைப் பற்றி எழுதினார். 

அலமாரி கிடையாது. சாக்குப் பையில் புத்தகம். சுமார் 160 புத்தகங்கள். பஷீர், எம்.டி. வாசுதேவன் நாயர் போன்ற பெரிய எழுத்தாளர்களின் நூல்கள். மலையாளத்தில் பெயர்த்த நம் சிலப்பதிகாரமும் அதில் இருந்தது! யார் எந்தப் புத்தகம் எடுத்துப் போனார்கள் என்று நோட்டில் எழுதி வைத்தார்.

கூலி வேலை செய்யும் மக்கள் வந்து எடுத்துப் போனார்கள். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பூட்டு இல்லை. கண்ணாடி இல்லை.

தமிழ்நாட்டிலும் ஓர் ஆள் இருக்கிறார். தூத்துக்குடியில் முடிதிருத்தும் கடை நடத்தும் பொன். மாரியப்பன். வறுமையால் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். கடையிலேயே நூலகம் வைத்தார். காத்திருக்கும் நேரத்தில் புத்தகம் படிப்பவருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி! 2020 அக்டோபரில் பிரதமரே வானொலிப் பேச்சில் அவரோடு பேசிப் பாராட்டினார்.

டீக்கடைக்காரரும் முடிதிருத்துபவரும் செய்து காட்டிவிட்டார்கள். மற்றவர்கள் செய்ய முடியாதா?

நூலகம் போதாதா?

"ஊருக்கு ஊர் நூலகம் இருக்கிறதே! டீக்கடையில் எதற்கு?" என்று சிலர் கேட்பார்கள்.

நூலகம் வேண்டும். நிறைய வேண்டும். சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் செய்தது நம் சென்னை மாகாணம்தான். 1948-ல் செய்தது. நாம் கட்டும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். திருச்சியில் ஒரு பெரிய நூலகம் கட்டப்படும் என்று 2024-ல் அரசு அறிவித்தது. மகிழ்ச்சிதான்.

ஆனால், ஒன்றை யோசியுங்கள். காலை 5 மணிக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறவர் எந்த நூலகத்துக்குப் போவார்? சட்டையில் சிமெண்டு ஒட்டி இருக்கும்போது, பெரிய கட்டிடத்தின் படி ஏற அவருக்குக் கூச்சம் வராதா? டீக்கடையில் அந்தக் கூச்சம் இல்லை. அங்கே படி இல்லை, கதவும் இல்லை. தெருவில் இருந்து அப்படியே பெஞ்சில் உட்காரலாம்.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் உலகம் போற்றும் நூலக அறிஞர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். "புத்தகம் பயன்படுத்துவதற்கே" என்பது முதல் விதி. அந்த நூல் வந்தது 1931-ல். அதே 1931-ல் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு போனார்கள். "நீ வந்து படி" என்று அவர்கள் சொல்லவில்லை. மனிதன் இருக்கும் இடத்துக்குப் புத்தகத்தை அனுப்பினார்கள்.

இன்று மனிதன் இருக்கும் இடம் எது? டீக்கடை!

பத்தே பத்து

ஆகவே, என் யோசனை இதுதான். மன்னார்புரத்தில் உள்ள ஒவ்வொரு டீக்கடையிலும் பத்துப் புத்தகம் வைக்க வேண்டும். ஒரு சின்னப் பலகை போதும். பாய்லரில் இருந்து நாலு அடி தள்ளி அடித்தால் நல்லது.

என்ன புத்தகம்?

திருக்குறள், எளிய உரையோடு ஒன்று. பாரதியார் கவிதை ஒன்று. பாரதியார் நூல்களின் உரிமையை 1949-ல் சென்னை அரசு வாங்கிப் பொதுவாக்கியது. ஆகவே மலிவு விலையில் கிடைக்கும்.

கல்கி ஒன்று. அவர் திருச்சியில் பள்ளிக்கூடம் படித்தவர். 1921-ல் காந்தியடிகள் அழைப்பைக் கேட்டுப் படிப்பை விட்டவர். புதுமைப்பித்தன் சிறுகதைகள் ஒன்று. இந்த இருவர் நூல்களும் நாட்டுடைமை ஆனவைதான். சுஜாதா எழுதிய "ஸ்ரீரங்கத்து தேவதைகள்" ஒன்று. நம் ஸ்ரீரங்கத்துத் தெருக்களைப் பற்றி நம் ஊர்க்காரர் எழுதியது.

குழந்தைகளுக்குத் தெனாலிராமன் கதை ஒன்று. பெரிய எழுத்தில், படத்தோடு. உடல்நலம் பற்றி ஒன்று. உலகப் படம் உள்ள புத்தகம் ஒன்று. தமிழ் அகராதி ஒன்று. டீக்கடையில் ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று சண்டை வராத நாள் உண்டா?

ஒன்பது ஆயிற்று. பத்தாவது, ஒரு வெறும் நோட்டு. வீட்டுக்கு எடுத்துப் போகிறவர் பெயர் எழுதுவதற்கு. பெயர் எழுதத் தெரியாதவர் இருந்தால், பக்கத்தில் இருப்பவர் எழுதட்டும். அடுத்த மாதம் அவரே எழுதுவார்.

செலவு என்ன? ஒரு புத்தகம் சராசரி 100 ரூபாய் என்று வைத்தாலும் மொத்தம் 1,000 ரூபாய். ஓர் ஆண்டுக்குப் பிரித்தால் ஒரு நாளைக்கு மூன்று ரூபாய்கூட ஆகாது. ஒரு டீ விலைக்கும் குறைவு! கடைக்காரரால் முடியாவிட்டால், பத்து வாடிக்கைக்காரர்கள் ஆளுக்கு ஒன்று வாங்கி வைக்கலாம். பிறந்தநாள் வந்தால் மிட்டாய் கொடுக்கிறோம். ஒரு புத்தகம் கொடுத்தால் என்ன?

கடைக்காரர் கேட்பார்

"ஒரு டீ வாங்கிவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் என் வியாபாரம் என்ன ஆவது?"

நியாயமான கேள்வி. காலையில் கூட்டம் இருக்கும்போது வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். பகல் 2 மணி முதல் 4 மணி வரை பெஞ்சு காலியாகத்தானே கிடக்கிறது? அப்போது படிக்கட்டும். படிப்பவர் இரண்டாவது டீயும் கேட்பார். ஒரு வடையும் சேர்த்துச் சாப்பிடுவார்.

"புத்தகம் காணாமல் போகுமே?"

ஒன்றிரண்டு போகும். போகட்டும். புத்தகம் திருடியவன் வீட்டிலும் யாராவது படிப்பார்கள்.

"எண்ணெய்க் கறை படுமே?"

படட்டும். கறை படாத புத்தகம் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. அதை யாரும் படிப்பது இல்லை.

"இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறதே? யார் புத்தகம் படிப்பார்கள்?"

இதுதான் பெரிய கேள்வி. உண்மைதான். பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்தால், ஐந்து பேரும் தனித்தனியாகக் குனிந்து இருக்கிறார்கள். செய்தித்தாள் வாங்குவதையே சில கடைகள் நிறுத்திவிட்டன. ஆனால், செல்போனை ஒருவர்தான் பார்க்க முடியும். ஒரு செய்தித்தாளை நாலு பேர் படித்தார்கள். பத்துப் பேர் கேட்டார்கள். "அது பொய்யப்பா!" என்று மறுத்துப் பேசவும் ஆள் இருந்தார். செல்போனில் வரும் பொய்க்கு அப்படி மறுப்புச் சொல்லப் பக்கத்தில் யார் இருக்கிறார்?

2011-ம் ஆண்டுக் கணக்குப்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிவு பெற்றவர்கள். அப்பா காலத்தில் படிக்கத் தெரியாதவர்கள் படிக்க ஆசைப்பட்டார்கள். இன்று படிக்கத் தெரிந்தவர்கள் படிக்காமல் இருக்கிறார்கள். கற்ற எழுத்தைப் பழக்கத்தில் வைக்காவிட்டால் துரு ஏறிவிடும்.

பெஞ்சில் பாதி

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதுதான் முக்கியம்.

அந்த 180 ரூபாய்த் தேநீரகத்தில் ஒரு நன்மை கண்டேன் என்று சொன்னேன் அல்லவா? பெண்கள் அங்கே தாராளமாக உட்காருகிறார்கள். அதை நம் தெருக் கடைகளும் கற்றுக்கொள்ள வேண்டும். பத்துப் புத்தகம் வைத்துவிட்டு, பெஞ்சு முழுவதும் ஆண்களே உட்கார்ந்தால், பாதி ஊருக்குத்தான் நன்மை.

மன்னார்புரத்தில் நடந்து பாருங்கள். ஜமால் முகமது கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது. மாணவிகள் போகிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் தாய்மார்கள் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். பூ விற்கும் அம்மாள் வெயிலில் நிற்கிறார். அவர்களும் காசு கொடுத்துத்தான் டீ குடிக்கிறார்கள். ஆனால், நின்றுகொண்டே குடிக்கிறார்கள். அல்லது பார்சல் வாங்கிப் போகிறார்கள்.

கடைக்காரர்களே! "உட்காருங்கம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். பெஞ்சில் இருக்கும் ஆண்களே! கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். சிகரெட்டைப் பெஞ்சுக்கு அருகில் பிடிக்காதீர்கள். இதற்குக் காசு செலவே இல்லை.

தேநீரகம் நடத்தும் பெரிய முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. பாரதியார் படத்தை மாட்டினீர்கள். நல்லது. பூட்டையும் கழற்றிவிடுங்கள்.

அன்று அந்தத் தேநீரகத்தில் இருந்து திரும்பி, மன்னார்புரத்தில் இறங்கினோம். ஒரு டீக்கடை முன்னால் அம்மா நின்றார். அப்பா படித்த கடை இப்போது இல்லை. இது வேறு கடை.

"உட்காரலாமாம்மா?" என்று கேட்டேன்.

அம்மா இரண்டு பக்கமும் பார்த்தார். அறுபது ஆண்டுப் பழக்கம் அல்லவா? பிறகு உட்கார்ந்தார். ஒரு ஆட்டோ டிரைவர் தாமாக எழுந்து இடம் கொடுத்தார். மாஸ்டர் டீ கொடுத்தார். 15 ரூபாய். பெஞ்சில் காலைச் செய்தித்தாள் கசங்கிக் கிடந்தது. அம்மா அதை எடுத்து, மடியில் வைத்து நீவினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் பக்கத்தில் இருந்து படிக்க ஆரம்பித்தார்.

எண்ணெய் படாத முழுத் தாள்.

மறுநாள் நான் அந்தக் கடைக்கு ஒரு பலகையும் மூன்று புத்தகமும் கொண்டு போனேன். இன்னும் ஏழு வேண்டும். உங்கள் தெருக் கடைக்குப் பத்து வேண்டும். எப்போது கொண்டு போகப் போகிறீர்கள்?